கப்பலுக்கு வழிவிட்ட பாலம்

கப்பல் வராத ஆற்றில் பாலம் எதற்குக் கிறுக வேண்டும், அதாவது சுழன்று திரும்ப வேண்டும் என்று என்னிடம் கேட்டவர் பாலங்களைப் பற்றித் தெரியாதவர் இல்லை. வீதியும் பாலமும் என்று ஆயுள் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒயில் கசியும், பாரம் தூக்கும் ஜக் ஒன்றைத் திருத்தவென்று என் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலில் இருக்கும் என் அக்காவின் மகள் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். டைன் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பழைய இரும்புப் பாலம். நடுத்தூணில் குந்தியபடி, இரண்டு கரையையும் விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் கிறுகி, ஆற்றோட்டத்துக்கு நேராக வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் ஆறு திறந்து கிடக்கிறது. முன்னர் எடுத்த பதிவு அது. கீழே மருமகள் எழுதியிருந்தாள்: "மாமா, இப்ப இது கிறுகிறதில்ல. சில வருசமா இப்படியேதான் நிக்குது."

ஐயா இரண்டு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கப்பல் வராட்டி அது ஏன் தம்பி கிறுகணும்? ரெண்டு பக்கமும் வெல்ட் பண்ணிப் பூட்டிவிட்டா வேலை முடிஞ்சுது. சனம் நடக்குது, வாகனம் போகுது, அதுதானே பாலம்?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. கணக்கைப் பார்த்தால் நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. பெக்கோ என்கிற மண் வெட்டும் இயந்திரத்தின் சிலிண்டர், டிப்பர் ஜக், உழவு இயந்திரத்தின் லிப்ட் என்று ஹைட்ரோலிக் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தப் பாலத்தை அசைத்ததும் இதே வித்தைதான்; எங்கள் கையில் ஒயில், அவர்கள் கையில் தண்ணீர். அதனால் இந்தக் கேள்வி ஐயாவின் ஜக்கோடு திரும்பிப் போகவில்லை. இரவில் கடை பூட்டிய பிறகு அந்தப் பாலத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

யார் யாருக்காக நிற்பது

மட்டக்களப்பாருக்குப் பாலத்தடியில் காத்து நிற்பது பழகிப்போன ஒன்று. 1924இல் கட்டிய கல்லடிப் பாலம், ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம், 2013 மார்ச்சில் பக்கத்தில் புதுப்பாலம் திறக்கும்வரை நகரத்தையும் கடற்கரைப் பக்கத்தையும் ஒற்றைத் தடத்தில் கட்டி வைத்திருந்தது. அந்தப் பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் நிற்க வேண்டும். பஸ் வந்தால் சைக்கிள்காரர் கம்பியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சண்டைக் காலத்தில் அதற்கு மேல் இறங்கி நடக்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் பாதைக்காக (வாவியைக் கடக்கும் மிதவை) வெயிலில் நின்றவர்களுக்கும், 2014இல் மண்முனைப் பாலம் வரும்வரை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய் வந்த ஆசிரியர்மாருக்கும் நான் காத்திருப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இவ்வளவு காத்திருப்பிலும் ஒரு தரமாவது படகுக்காக வாகனம் நின்றதை நான் கண்டதில்லை. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி ஒரு காலத்தில் எங்களுடைய பெருந்தெரு. படுவான்கரை நெல்லும் விறகும் வள்ளத்தில்தான் நகரம் இருக்கும் புளியந்தீவுக்கு வந்தன. பாலங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது பாய்மரம் எவ்வளவு உயரம், பாலம் எவ்வளவு உயரம் என்கிற கேள்வி எங்கள் வீடுகளில் எழுந்ததாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாலம் வந்ததே பெரிய காரியம் என்று வாவி தலையைக் குனிந்துகொண்டது. அதில் எனக்குக் குறை இல்லை. படுவான்கரையில் பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்ணிடம் போய்ப் பாய்மரக் கதை பேச முடியாது.

நியூகாசிலில் கதை வேறு. அங்கே ஒரு நகரத்தின் முழுப் போக்குவரத்தும் இரண்டு பக்கமும் நிற்க, பாலம் விலகி, ஆறு போய் முடிந்த பிறகுதான் வீதி திரும்பத் திறந்தது. அதுவும் எப்போதாவது ஒரு நாள் நடக்கிற சடங்காக இல்லை. அந்தப் பாலம் ஆகக் கூடுதலாகக் கிறுகிய ஆண்டு 1924. ஏறக்குறைய 6,000 தடவை. கல்லடியில் எங்கள் பாலம் திறந்த அதே வருசம். ஒரு நாளைக்குச் சராசரி பதினாறு முறை என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஒரு நாளைக்குப் பதினாறு முறை நூற்றுக்கணக்கான தொன் இரும்பைக் கிறுக்கித் திரும்பப் பூட்டுவது என்றால், அந்த இயந்திரத்தை வைத்திருந்தவர்களின் கை எவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் தொழில்காரருக்கு விளங்கும்.

மணல் தாங்காத கோபுரம்

அந்தப் பாலத்தைச் செய்த வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் நியூகாசிலிலேயே 1810இல் பிறந்தவர். படித்தது சட்டம். 1835இல் டென்ட் பள்ளத்தாக்கில் மீன்பிடிக்கப் போனபோது அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு தண்ணீர்ச் சில்லைப் பார்த்தார். மலையிலிருந்து விழுகிற அவ்வளவு தண்ணீரின் பலத்தில் மிகச் சிறு பங்குதான் சில்லுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வீணாக ஓடுகிறது என்பது அவரை உறுத்தியது. அதே தண்ணீரைக் குழாய்க்குள் அடைத்து இறக்கினால்? 1846இல் நியூகாசில் துறைமுகக் கரையில் நகரத்துக் குடிதண்ணீர்க் குழாயின் அழுத்தத்தைக் கொண்டே ஒரு பாரந்தூக்கியை ஓட்டிக் காட்டினார். அடுத்த வருசம் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆற்றின் மேல்பக்கம் எல்ஸ்விக்கில் தொழிற்சாலை போட்டார்.

நகரத்துக் குழாயில் ஒரு குறை. அழுத்தம் போதாது, அதிலும் ஒரே அளவாக நிற்காது. ஊரார் குழாயைத் திறந்தால் பாரந்தூக்கி களைத்துவிடும். அதற்கு மருந்து உயரம். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 309 அடிக்கு ஒரு கோபுரம் கட்டினார்கள், 1852இல். உள்ளே ஏறக்குறைய 200 அடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி. அந்தக் கோபுரம் இன்றைக்கும் நிற்கிறது. இங்கே கணக்கு எளிது: ஒரு அடி உயரத் தண்ணீர் கீழே சதுர அங்குலத்துக்கு 0.43 இறாத்தல் அழுத்தம் தரும். 200 அடிக்கு 87 இறாத்தல் மட்டில். என் பட்டறைக்கு வருகிற பெக்கோவின் பம்ப் 3,000 இறாத்தல் தரும் என்று நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு குறைவு என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு அது பெரிய பலம். மதகுக் கதவுகளையும் பாரந்தூக்கிகளையும் அதுவே ஓட்டியது.

அதே காலத்தில், கிரிம்ஸ்பிக்குப் பக்கத்தில், ஹம்பர் ஆற்றுக் கரையில் நியூ ஹொலண்ட் என்கிற துறையில் பாரந்தூக்கி போட வேண்டி வந்தது. அங்கே கோபுரம் கட்ட முடியாது. நிலம் மணல். தாங்காது.

இந்த இடத்தில் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்லடியிலோ நாவலடியிலோ கிணறு வெட்டியவனுக்கு மணலைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு முழம் தோண்டினால் மணல், இன்னும் கொஞ்சம் தோண்டினால் தண்ணீர், அதற்குக் கீழே திரும்பவும் மணல். எங்கள் ஊரில் அத்திவாரம் போடுகிற மேசன்மார் முதலில் செய்வது மண்ணோடு சமாதானம் பேசுவதுதான். ஆம்ஸ்ட்ரோங்குக்கும் அதே நிலை. உயரம் போக வழியில்லை. அவர் செய்தது இது: நிமிர்ந்து நிற்கும் ஒரு கனத்த சிலிண்டர், அதற்குள் பிஸ்டன், பிஸ்டன் தலையில் ஒரு மாபெரும் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் பாரம். இப்படியான பெட்டிகளில் சரளைக்கல், உடைந்த இரும்பு, மணல் என்று கிடைத்ததைப் போட்டு நிரப்பினார்கள். நீராவிப் பம்ப் சிலிண்டருக்குள் தண்ணீரை ஏற்ற ஏற்றப் பிஸ்டன் பாரத்தைச் சுமந்துகொண்டு மேலே போகும். மேலே போன பாரம் கீழே இறங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இறங்கும் ஆசைதான் குழாய் முழுக்க அழுத்தமாக நிற்கிறது. சதுர அங்குலத்துக்கு 600 இறாத்தலுக்கு மேல். இதே அழுத்தத்தைக் கோபுரம் கட்டி எடுக்க வேண்டும் என்றால் 1,400 அடி மட்டில் உயரம் வேண்டும். கோபுரத்தைத் தாங்காத மணலே பெட்டிக்குள் போய்ப் பலமாக மாறலாம் என்பதை நான் இப்போதும் நினைத்து நினைத்து மகிழ்கிறேன்.

இதற்கு அக்குமுலேட்டர் என்று பெயர். எங்கள் ஊர்ப் பெண்கள் போடுகிற சீட்டுத்தான் இது: கிழமைக்குக் கிழமை சிறுகச் சிறுகக் கட்டி, தேவை வருகிற அன்றைக்குக் கழிவு போக மொத்தமாக எடுப்பது. சின்னப் பம்ப் ஒன்று நாள் முழுக்கக் களைக்காமல் பாரத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். கப்பல் வரும் அந்தச் சில நிமிடத்தில் பாலம் அவ்வளவையும் எடுத்துச் செலவழிக்கும். நூறு பேர் தள்ள வேண்டிய இரும்பைச் சின்ன இயந்திரம் ஒன்றை வைத்து அசைக்கலாம், அது முன்கூட்டியே வேலை செய்து வைத்திருந்தால். கிரிம்ஸ்பிக் கோபுரம் கட்டி முடிக்கிற காலத்திலேயே பழைய முறையாகிவிட்டது.

ஆறு திறக்கும் நேரம்

இனிப் பாலத்துக்கு வருகிறேன். அது நிற்கிற இடம் ரோமர்கள் பாலம் போட்ட இடம். பிறகு வந்த பாலத்தை 1771ஆம் ஆண்டு வெள்ளம் உடைத்தது. (எங்களுக்கு 1957 வெள்ளம் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.) 1781இல் கட்டிய கல்பாலத்தின் வளைவுகள் தாழ்ந்தவை, பெரிய கப்பல் மேல்பக்கம் போக முடியாது. மேல்பக்கத்தில்தான் ஆம்ஸ்ட்ரோங்கின் எல்ஸ்விக் தொழிற்சாலை. அதனால் அந்தக் கல்பாலத்தை அகற்றிவிட்டு, 240,000 பவுண் செலவில், அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரிய கிறுகு பாலத்தைக் கட்டினார்கள். 1876 ஜூன் 15ஆம் திகதி வீதி திறந்தது, ஜூலை 17ஆம் திகதி ஆறு திறந்தது. கிறுகும் பகுதி மட்டும் 281 அடி.

பட்டறைக்காரன் கண்ணால் அது கிறுகுவதை ஒரு தரம் சொல்ல விடுங்கள். முதலில் வீதியில் தடுப்பு விழும். வீதிக்கு மேலே, பாலத்தின் நடுவில் ஒரு சின்னக் கூண்டு. இயக்குகிறவர் அதற்குள் லீவர்களுக்கு முன்னால் நிற்கிறார். பாலத்தின் இரண்டு நுனியும் கரையில் பொருந்தியிருக்கும்வரை கிறுகாது, ஆகவே நுனிகளைத் தாங்கிய கட்டைகள் முதலில் விலக வேண்டும். பிறகு நடுத்தூணில் இருக்கும் ஹைட்ரோலிக் அமுக்கி பாலத்தின் எடையில் பெரும் பங்கைத் தன் தலையில் வாங்குகிறது. பாலம் உருளைகளின் வட்டத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் முழுப் பாரமும் உருளைகளில் ஏறாதபடி தண்ணீர் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குப் பிறகுதான் இயந்திரம். மூன்று சிலிண்டர் கொண்ட ஹைட்ரோலிக் எஞ்சின் இரண்டு. ஒன்றே போதும், மற்றது ஒன்று படுத்துவிட்டால் கைகொடுக்க. பல்சக்கரம் வட்டப் பல்வரிசையைக் கடித்துக்கொண்டு நகர, பாலம் கரையை விடுகிறது. நிறுத்துவதுதான் கஷ்டம். இவ்வளவு எடை ஒரு தரம் அசைந்தால் தானாக நிற்காது. எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தக் காற்றில் எவ்வளவு முன்னால் வால்வை மூட வேண்டும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை, லீவர் பிடித்த கையில்தான் இருக்கிறது.

பாலத்துக்குக் கீழே 60 அடி ஆழக் குழிக்குள் அக்குமுலேட்டர். தொடக்கத்தில் நீராவிப் பம்ப். 1959இல் மின்சாரப் பம்ப் போட்டார்கள். கிறுக்குகிற இயந்திரம் ஆம்ஸ்ட்ரோங் போட்டதேதான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது எஞ்சின். ஒன்று போதும் என்று தெரிந்த பிறகும் இரண்டு வைத்தவர், கப்பல் நடு ஆற்றில் வந்து நிற்கும்போது பாலம் மறுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தவர்.

இப்படி அசையும் பாலங்கள் வேறும் உண்டு. மன்செஸ்டர் கப்பல் கால்வாயில் பார்டன் என்ற இடத்தில், 1894 முதல், தண்ணீர் நிரம்பிய ஒரு கால்வாய்த் துண்டே தண்ணீரோடு சேர்ந்து கிறுகுகிறது. அக்கரையில் எங்களுக்குத் தெரிந்த பாம்பன் பாலம் 1914இல் வந்தது. அதன் தூக்கு இறக்கைகளை ஆட்கள் கையால் லீவர் தள்ளித்தான் திறந்தார்கள். 1964 புயல் தனுஷ்கோடியை விழுங்கியது, அந்த இறக்கைகள் நின்றன. 2025இல் பக்கத்தில் செங்குத்தாக எழும் புதுப்பாலம் வந்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

முதல் கப்பல் எதற்குப் போனது

இவ்வளவும் வாசித்து மனம் நிறைந்திருந்த இரவில்தான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. 1876 ஜூலை 17இல் பாலம் முதன்முதலாக வழிவிட்ட கப்பலின் பெயர் யூரோப்பா. இத்தாலியிலிருந்து வந்தது. எல்ஸ்விக் தொழிற்சாலைக்கு 100 தொன் பீரங்கி ஒன்றை ஏற்றப் போனது. ஆம்ஸ்ட்ரோங் அப்போது பாரந்தூக்கிக்காரர் மட்டுமில்லை, உலகத்துக்குப் பீரங்கி செய்து விற்பவர். தாழ்ந்த கல்பாலம் போய்க் கிறுகும் பாலம் வந்ததில் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்த லாபம் பெரிது. பிறகு அங்கேயே போர்க்கப்பல் கட்டத் தொடங்கினார்கள். ஜப்பானின் யஷிமா 1896இல் எல்ஸ்விக்கில் நீரில் இறங்கி இதே பாலத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போனது. இத்தாலியும் 1887இல் தரந்தோ கடற்படைத் துறையில் தனக்கென்று ஒரு கிறுகு பாலம் கட்டிக்கொண்டது. அங்கே கோட்டையின் மேல் வைத்த தொட்டித் தண்ணீர் இறங்கி விசையாழிகளைச் சுற்றியது. கிரிம்ஸ்பியின் வழி.

பாலத்தடியில் துவக்கு முனையில் அடையாள அட்டை நீட்டிய ஊரவன் நான். வாசித்ததைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. இரும்புக்கு என்ன தெரியும் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் பாலத்தின் ஒவ்வொரு அளவும் ஒரு தேவைக்காகக் குறிக்கப்பட்டது, அந்தத் தேவைகளில் பீரங்கியும் ஒன்று. அதை மறைத்துவிட்டு அந்த இயந்திரத்தைப் புகழ்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனாலும் 1924இன் 6,000 தடவையை நினைத்துப் பார்த்தேன். 6,000 பீரங்கி போகவில்லை அந்த வழியால். டைன் ஆற்றில் நிலக்கரியும் மரமும் தானியமும் ஓடிக்கொண்டிருந்தன. பாலத்துக்கு மேல்பக்கத்தில் துறைகள் இருந்தன, துறைகளில் கூலிக்காரர் இருந்தனர். பாதிராத்திரியில் குளிரில் எழும்பி லீவர் பிடித்தவர் ஆம்ஸ்ட்ரோங் இல்லை. அவர் 1900இலேயே இறந்துபோனார். எஜமான் எதற்குக் கட்டினாலும், ஐம்பது வருசம் ஒயில் போட்டுத் துடைத்து ஒவ்வொரு நாளும் கிறுக்கியவர்களிடம் ஒரு இயந்திரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று எனக்குப் பட்டது. கல்லடிப் பாலத்துக்கும் அதுதான் நடந்தது. ஆளுநரின் மனைவி பெயரை வைத்தார்கள். இன்று அந்தப் பெயரைச் சொல்பவர் சிலர். பாலத்தைத் தன்னுடையது என்று நினைப்பவர் முழு மட்டக்களப்பார். பாடும் மீனின் சத்தம் கேட்கப் பூரணை இரவில் தோணியைப் பாலத்தடியில் கட்டியவர்களுக்கு மானிங் யார் என்று தெரியாது. புதுப்பாலம் ஜப்பான் உதவியில் வந்தது என்பதும், யஷிமாவும் ஜப்பான் என்பதும் ஒன்றையொன்று தொடாத இரண்டு விசயங்கள்தான். ஆனால் ஒரு நாடு பீரங்கி வாங்கிய வழியையும் பாலம் கொடுத்த வழியையும் ஒரே கிழமையில் வாசித்தபோது எனக்குள் ஏதோ இளகியது.

நின்றுபோன பெக்கோ

ஐயாவுக்கான பதில் புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஏறாவூர்ப் பக்கம் ஒரு வளவில் கிடைத்தது. பங்காளிகளுக்குள் வழக்கு வந்து பல வருசமாக ஓடாமல் நின்ற ஒரு பெக்கோ. அதே நிறுவனம், அதே மாதிரி, அதே காலத்தில் எடுத்த இன்னொன்று ஒரு நாளும் ஓய்வில்லாமல் ஓடியது. மாரியில் வெள்ளம் ஏறி வயல் மூழ்கும்போது முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டப் போகிறதும் அதுதான். உப்புத் தண்ணீரில் இடுப்பளவு நின்று வேலை செய்த இயந்திரம். வழக்கு முடிந்ததும் இரண்டையும் ஒரே நேரத்தில் என்னிடம் கொடுத்து, சிலிண்டர்களைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்கள்.

நின்ற வண்டியின் பூம் சிலிண்டரை முதலில் திறந்தேன். ரொட்டின் உள்ளே இருந்த பகுதி பரவாயில்லை. வெளியே நீட்டியபடி காற்றில் நின்ற பகுதியில் குரோம் பூச்சு முழுக்க ஊசி முனையளவு குழிகள். கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. நகத்தால் தடவினால் நகம் பிடிக்கும். அந்தக் குழி ஒவ்வொன்றும் ரொட் உள்ளே போகும்போது ஒயிலைக் கசியாமல் தடுக்கும் வளையமான சீலின் உதட்டைச் சீவிவிடும். சீலை எடுத்துக் கையில் வைத்தேன். ஒரு பக்கம் தட்டையாக அமுங்கி, அமுங்கியபடியே இறுகியிருந்தது. பிஸ்டனின் பாரம் பல வருசம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்ததன் அடையாளம். விரலால் வளைத்தேன், வெடித்தது. ஒயில் பால் நிறத்தில் இருந்தது, தண்ணீர் கலந்த நிறம். அடியில் சேறு.

அடுத்தது ஓடிய வண்டி. மூன்று பங்கு கூடுதலாக உழைத்த சிலிண்டர். ரொட்டில் என் முகம் தெரிந்தது. சீலின் உதடு மெத்தென்று, ஒயில் பூசிக்கொண்டு, தன் வடிவத்தில் இருந்தது. தேய்மானம் இல்லையென்று சொல்லவில்லை, இருந்தது. மாற்ற வேண்டிய பாகங்களும் இருந்தன. ஆனால் அது தேய்ந்தது, மற்றது செத்துவிட்டது. சீல் உயிரோடு இருப்பது அதற்கும் ரொட்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு மெல்லிய ஒயில் படலத்தால். அசையும்போதெல்லாம் அந்தப் படலம் புதிதாகிறது. அசையாவிட்டால் அது வழிந்து போகும், உலோகம் காற்றைக் காணும், உப்பு தன் வேலையைப் பார்க்கும். ஆம்ஸ்ட்ரோங் காலத்து இயந்திரங்களில் சீல் தோலால் செய்தது. தோல் இன்னும் மோசம். நனைந்து நனைந்து அசைந்தால் பல வருசம் இருக்கும், காய விட்டால் பலகையாகிவிடும். இரண்டு சிலிண்டரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சீல் இரண்டையும் ஒரு பழைய துணியில் போட்டு, ஐயா வரும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

அவர் ஜக் எடுக்க வந்தார். காட்டினேன். "கப்பலுக்காக இல்ல ஐயா, பாலத்துக்காகத்தான் பாலம் கிறுகணும்" என்றேன். வெல்ட் பண்ணினால் அது கிறுகாத பாலமாக அல்ல, கிறுகத் தெரியாத பாலமாக மாறிவிடும். நடு அமுக்கி தூக்காமல் விட்டால் முழு எடையும் ஒரே உருளைகளின் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும். வெப்பத்துக்கு நீண்டு சுருங்கிக் கரையில் இறுகும். பிறகு தேவை வருகிற அன்றைக்கு யாராலும் அசைக்க முடியாது. அவர் சீலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பொறியியல் தெரிந்தவர், விளங்கியது. ஆனால் சம்மதிக்கவில்லை. "நீ சொல்றது சரி. காசு ஆர் தம்பி குடுக்கிற? ஒருக்கா கிறுக்க வீதி மூடணும், ஆள் வேணும், ஏதும் நடந்தா பொறுப்பு வேணும். நாங்க ஒரு மதகுக் கதவுக்குக் கிறீஸ் வாங்க எத்தன கடிதம் எழுதினம் தெரியுமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பராமரிப்புக்குப் பணம் கேட்டு அலைந்த மனிதரின் களைப்பு அது. ஆனால் காசு இல்லை என்பது வேறு, தேவை இல்லை என்பது வேறு. அவர் முதல் நாள் சொன்னது இரண்டாவது. இப்போது சொல்வது முதலாவது. அந்த அளவில் நான் நின்றேன். முழுதாகக் கிறுக்க முடியாவிட்டால் அமுக்கியை ஏற்றி இறக்கலாம். நுனிக் கட்டைகளை விலக்கிப் பூட்டலாம். விடியற்காலையில் வீதி வெறிச்சென்று கிடக்கும்போது சில அடி நகர்த்தித் திரும்பக் கொண்டுவரலாம். இது எதற்கும் புது இயந்திரம் வேண்டாம். ஆள் வேண்டும், அதுவும் தெரிந்த ஆள்.

அந்தத் தெரிந்த ஆளைப் பற்றித்தான் இப்போது எனக்குப் பயம். சீலைப் புதிதாகச் செய்துவிடலாம், தோல் கிடைக்காவிட்டால் ரப்பர் போடலாம், பல்சக்கரம் வார்க்கலாம். காற்றடிக்கும் நாளில் வால்வை எங்கே மூடுவது என்று தெரிந்த கை வீட்டுக்குப் போய்விட்டால், அந்தப் பாடத்தை ஆம்ஸ்ட்ரோங்கின் வரைபடத்திலிருந்து யாரும் திரும்ப எடுக்க முடியாது.

2026இல் அந்தப் பாலத்துக்கு 150 வயது. மருமகளுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். அவள் அங்கே பாலத்தைப் பராமரிக்கிறவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். நான் எழுதிக் கொடுத்தவை இவைதான்: பாலம் கிறுகாவிட்டாலும் பம்ப் ஓடுகிறதா, அக்குமுலேட்டரின் பாரம் ஏறி இறங்குகிறதா, நடு அமுக்கியைக் கடைசியாக எப்போது தூக்கினார்கள், தூக்கியபோது தண்ணீர் கசிந்ததா, கசிந்தால் எங்கிருந்து, முன்னர் அதைக் கிறுக்கியவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பழகும் இளைய ஆள் ஒருவராவது உண்டா. பதில் வந்ததும் ஐயாவுக்கும் காட்டுவேன். கடைசிக் கேள்விக்கு "உண்டு" என்று வந்தால், அந்த ஆளோடு ஒரு தரம் பேச வைக்கும்படி மருமகளிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறேன்; எந்தச் சத்தத்தைக் கேட்டு வால்வை மூடுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.